முந்தைய முகவரி

நெரெயோ கொண்டுவருவது தலைகளை மட்டும்தான்.
உடல்களைச் சந்தையில் விற்றாயிற்று.
பனிப்பெட்டிக்குள் நாற்பத்தொரு மஞ்சள் சங்கரா,
இங்கே பார்கோ என்பார்கள்,
வாய் திறந்தபடி,
பேச்சை யாரோ பாதியில் நிறுத்திவிட்டதுபோல.

மண்டைக்கு அடியில் கத்தியை நுழைத்து
ஒரு திருகு.
பிறகு இடுக்கி.
வெளியே வருகிறது செவிக்கல்,
அவரை விதையளவு, பால்வெள்ளை.
எந்தத் தண்ணீரில் கிடந்ததோ
அந்தத் தண்ணீரையே பூசிப் பூசி வளர்ந்த கல்.
குஞ்சாக இருக்கையில் நாளுக்கொரு வளையம்.

நான் ஒதிலியா.
லா பாஸ் நகரில், குளிர்சாதனம் அடிக்கடி நின்றுபோகும்
ஓர் ஆய்வகத்தில் கல் தேய்க்கிறேன்.
காகிதத்தைவிட மெல்லியதாக.
ஒரு தும்மல் போதும்,
ஒரு மீனின் பால்யம் தரையில் எங்கேயோ.

ஒன்பது வருடம் முன்
நெரெயோவின் ஊர் தன் பாறைத்திட்டைத் தானே பூட்டியது.
பதினேழு படகு, பதினாறு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
முறைவைத்து இரவுக் காவல்.
மச்சானின் படகையே பிடித்துக் கொடுத்து
இரண்டு கிறிஸ்துமஸ் தங்கை வீட்டில் அவருக்குச் சாப்பாடில்லை.
முதலில் மீன் பெருகியது.
விளிம்பில் வலை போட்டாலே போதுமாயிருந்தது.
இப்போது மூன்று வருடமாய்
பெரியவை இருக்கின்றன, சிறியவை வந்து சேரவில்லை.
"பள்ளிக்கூடம் இருக்கு. ஒண்ணாம் வகுப்பில்தான் ஆளில்லை"
என்றார், பனிப்பெட்டியை இறக்கிவைத்து.

லேசர் விளிம்பிலிருந்து நடுவுக்குப் போகிறது.
விளிம்பில் திறந்த கடல், பாறைத்திட்டு,
நாங்கள் எல்லோரும் அறிந்த எண்கள்.
நடுவில், உயிரின் முதல் மாதங்களில்,
வேறொரு தண்ணீர்.
வெதுவெதுப்பானது, சேறு கரைந்தது, உப்பு மிகுந்தது.
அலையாத்தி வேர்களுக்கிடையே வெயில் காயும் தண்ணீர்.
நாற்பத்தொன்றில் முப்பத்து நான்கு.

அறுபது கிலோமீட்டர் தெற்கே ஓர் உப்பங்கழி.
காவலில்லை, பலகையில்லை.
அழுகிய முட்டை நாற்றம், கொசு,
தொடையளவுச் சேற்றில் சிப்பி பொறுக்கும் பத்துப் பெண்கள்.
உல்லாசப் படகுத்துறை வரப்போகிறதென்று
மூன்று வருடம் முன் அதன் வாயில் கல் கொட்டிக் குறுக்கினார்கள்.
துறை வரவில்லை.
கல் இருக்கிறது.

கூட்டத்தில் அதிகாரி வரைபடம் விரித்து
பாறைத்திட்டை நீலப் பென்சிலால் வட்டமிட்டார்.
"உங்களுடையது பத்திரம்."
கழி வருவதற்குள் தாள் முடிந்துவிட்டது.
அதற்கப்பால் மேசைதான்.
மேசையின் மரத்தில் நெரெயோ ஒரு செவிக்கல்லை வைத்தார்.
"எங்களுடையது இங்கே பிறந்தது."
அதிகாரி குனிந்து பார்த்துக் கேட்டார்:
"பல்லா?"

கழிக்கு அவர் தனியாகப் போனார்.
கிரெசென்சியா நிமிரக்கூட இல்லை.
"உங்க மீனுக்கு எங்க சேத்துல என்ன வேலை?"
"எங்க மீன்னு நெனச்சிட்டிருந்தோம். அதைத்தான் சொல்ல வந்தேன்"
என்று ஓரடி வைத்தவர்
முழங்கால் வரை இறங்கி, ஒரு செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்தார்.
பெண்கள் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஒருத்தி
கல் எங்கே தளர்வாயிருக்கிறதென்று காட்டினாள்.
மறு ஞாயிறு நான்கு படகு, கடப்பாறைகள்.
அனுமதிக் கடிதம் இன்னும் வழியில்.

எனக்குத் தூக்கம் கெடுப்பது வேறொன்று.
வேருக்கும் பாறைக்கும் நடுவே
ஒவ்வொரு கல்லிலும் ஒரு மங்கிய பட்டை,
முடியளவு.
கழியும் இல்லை, திட்டும் இல்லை.
விரல் நீள மீனொன்று
கடற்புல்லில் ஒளிந்தோ, மிதக்கும் பாசியின் நிழலிலோ
அறுபது கிலோமீட்டர் போன நாட்கள்.
எங்கே தங்கியது, யார் வாய்க்குத் தப்பியது,
கல் சொல்வதில்லை.
சட்டத்தில் அந்தப் பட்டைக்கு ஒரு பெயரும் இல்லை.

உறைமேல் அச்சிட்டிருப்பது "பிடிபட்ட இடம்" மட்டும்.
அதன் கீழே பென்சிலால் இன்னொரு கோடு போட்டு
ஒவ்வொன்றாய் நிரப்புகிறேன்.
ஏழு உறைகளில் கோடு காலியாக இருக்கிறது.
அந்த ஏழின் நடுவே இருக்கும் தண்ணீர்
இந்தக் கழியின் தண்ணீர் இல்லை.

நெரெயோ தொலைபேசியில்,
பின்னால் இன்ஜின் இரைச்சல்:
"அப்போ இன்னொரு கழி இருக்கா?
எந்தப் பக்கம்?"