செம்பவாங் வெந்நீர் ஊற்று

வாளியில் ஆறு முட்டை.
ஞாயிறு விடுப்பில் ரெஹுலினா
கைப்பேசியில் நேரம் பார்க்கிறாள்.

சினாபுங் எரிமலையடியில் அவள் வீடு.
ஒருமுறை போயிருந்தேன்:
முகக்கவசம், புதுச் சப்பாத்து, முந்நூறு படங்கள்.
கூரையில் ஏறிச் சாம்பலை
வாரித் தள்ளிக்கொண்டே அவள் அண்ணன் கேட்டான்,
"தங்கச்சி நல்லாச் சாப்பிடுறாளா?"
கோஸ் பாத்தியெல்லாம் வெளுத்துக் கிடந்தது.
அதிலொன்றை
மூன்று தண்ணீர் கழுவி எனக்குச் சமைத்தார்கள்.
மலை புகைந்தது. யாரும் நிமிரவில்லை.

பயமில்லையா என்று
அங்கே கேட்காமல் வந்ததை
இங்கே இவளிடம் கேட்கிறேன்.

நீரில் வைத்த காலை
வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சிரிக்கிறாள்.
"இருக்கு மேடம்.
நம்ம பன்னிரண்டாம் மாடி ஜன்னலை
வெளிப்பக்கம் துடைக்கும்போது."

ஒரு முட்டையை உடைக்கிறேன்.
மஞ்சள் கரு இன்னும் இறுகவில்லை,
விரலிடுக்கில் வழிகிறது
சுடச்சுட.