தண்டையார்பேட்டையில் சரக்கு இறங்குகிறது

இரவு ஷிப்டில் இது மூன்றாவது லாரி.
ஏணியில் ஏறி மூடியைத் திருகுகிறேன்.
இனிப்பும் எரிச்சலுமாய்
முகத்தில் அறைகிறது ஆவி.
"சரக்கு எப்படிக்கா, தேறுமா?"
கீழே நின்று கேட்கிறார் செல்லப்பிள்ளை,
பெரம்பலூர்க்காரர்.
ஒவ்வொரு நடைக்கும் இதே ஜோக்,
ஒவ்வொரு நடைக்கும் சிரித்துவிடுகிறேன்.

கண்ணாடிக் குடுவையில் மிதவை ஆடி நிற்கிறது.
அடர்த்தி சரி. வெப்பம் முப்பத்தொன்று.
பார்க்க வேண்டியது ஈரம்.
எத்தனாலுக்குத் தண்ணீர்மேல் அடங்காத ஆசை,
திறந்து வைத்தால்
காற்றில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும்.

அவர் காட்டில் மக்காச்சோளம்.
பக்கத்துக் காட்டிலும்,
அதற்கடுத்ததிலும்.
"வெல கெடைக்குது, பொய் சொல்லக் கூடாது.
ஆனா எழுநூறு அடி எறக்கியும்
போர்ல புழுதிதான் வந்துச்சு.
படைப்புழுவுக்கு மருந்தடிச்ச மறுநாளு
வரப்புல தேனீ,
வெளக்குமாறு வச்சுக் கூட்டலாம்.
ஆலைக்குக் கீழ ஓடுற ஓடை இருக்கே,
காப்பி கலரு."
பேசிக்கொண்டே சீல் எண்ணைப் படிக்கிறார்,
நான் எழுதிக்கொள்கிறேன்,
சீல் எண்ணை மட்டும்.

காலை ஆறரைக்கு நேதாஜி நகரில்
குடங்களுக்குப் பின்னால் நிற்கிறேன்.
இங்கேயும் லாரி.
அதே உருண்ட வயிறு, அதே ஏணி,
பின்னால் அதே தடித்த குழாய்.
மீஞ்சூர்ப் பக்கம் கிணறெல்லாம் கடலாகிவிட்டது என்கிறான் டிரைவர்.
"எட்டு கொடத்துக்கு மேல கெடையாது,
சொல்லிட்டேன்" என்கிறாள் ஃப்ளோரி,
யாரும் கேட்காமலே.

ஒரு லிட்டர் சரக்குக்கு எத்தனை குடம் என்று
டீ கிளாஸ்களை அடுக்கி ஒருநாள்
கணக்குப் போட்டார் செல்லப்பிள்ளை.
சோளத்துக்கு இவ்வளவு,
ஊறவைக்க, வேகவைக்க, குளிரவைக்க.
கடைக்காரர் கிளாஸ்களைத் திருப்பிக் கேட்டார்.
கணக்கு அதோடு நின்றது.

முட்டை எட்டு ரூபாய்.
சோளம் கோழிக்குப் போகவில்லையாம்.

மணலியிலிருந்து காற்று திரும்பும் நாட்களில்
லிடியாவின் நெஞ்சில் விசில் கேட்கும்.
இன்ஹேலரை உலுக்கியபடி
வடக்கே எரியும் ஜுவாலையைப் பார்ப்பேன்.
புகை குறையும் என்கிறது பங்க் வாசல் போர்டு,
பச்சை இலை வரைந்து.
குறையட்டும்.
வேண்டாமென்று சொல்ல
எனக்கு என்ன பைத்தியமா?
என் பிள்ளையின் மூச்சுக்கு
எழுநூறு அடிக்குக் கீழே யாரோ
கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்,
அதுதான் தொண்டையில் நிற்கிறது.

மறுபடி இரவு. மறுபடி ஏணி.
கருவி நிதானமாகச் சொல்கிறது:
ஈரம், இல்லாததற்குச் சமம்.
ஒரு காட்டையே குடித்துவிட்டு வந்ததற்கு
'ஈரமில்லை' என்று கையெழுத்துப் போடுகிறேன்.
பம்ப் ஓடத் தொடங்குகிறது.

செல்லப்பிள்ளை காலி பாட்டிலோடு வருகிறார்.
"தண்ணி கொஞ்சம் புடிச்சுக்கவா?"
ஆபீஸ் கேனில் அடியில்தான் கிடக்கிறது.
சாய்த்துப் பிடிக்கிறேன்.