வாரத்துக்கு ஒரு கதவு

மற்ற நாளில் ஐந்து இருபதுக்குக் கிளம்பினால்தான்
ஏழு மணிக்கு ஜஹ்ரா ஆஸ்பத்திரியில் கைரேகை வைக்க முடியும்.
போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது.
வெள்ளிக்கிழமை ரோடு காலி.
ஆறுக்குக் கிளம்பினால் போதும்.
அந்த நாற்பது நிமிடம் யாரும் எனக்குத் தந்ததல்ல,
ஃபஹாஹீல் தூங்குவதால் மிஞ்சியது.
அதை வண்டிக்குக் கொடுக்கிறேன்.

சீருடைக்கு மேல் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு
இரண்டு வாளியை லிஃப்டில் இறக்குவேன்.
ஒன்றில் சோப்பு. ஒன்றில் வெறும் தண்ணீர்.
வெறும் தண்ணீர்தான் முக்கியம்.
துணி அதில் கக்குகிற மண்ணைப் பார்த்தால் தெரியும்
எதை வைத்து எதைத் தேய்க்க இருந்தோம் என்று.

கூரையிலிருந்து கீழே. சக்கரம் கடைசி.
கழுவ இருபது, துடைக்க எட்டு.
மிச்சம் பன்னிரண்டு நிமிடத்தில்
முழு வண்டிக்கும் மெழுகு பூச முடியாது.
எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி
வெயில் எட்டிப் பார்த்துவிட்டால்
தகரம் சுடும், பூசியது வெள்ளையாய் இறுகி
வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.
ஆகவே வாரத்துக்கு ஒரு பாகம்.

பானெட்: சம்பளம் பதினோரு நாள் தள்ளிப்போன வாரம்.
பின்பக்க வலது கதவு:
ஐசியூவில் நாலாம் படுக்கை காலியான வாரம்.
டிக்கி விடுபட்டது. அன்று புழுதி,
எதிரில் இருந்த மசூதியே தெரியவில்லை.
ஒரு சுற்று முடிய இரண்டு மாதம்.
முடியும்போது முதலில் பூசியது மங்கியிருக்கும்.
ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட
முழுதாய்ப் பளபளத்ததில்லை என் லான்சர்.

'ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் ஓடின வண்டி,
இதுக்கு வாழைப்பழ வாசனையில மெழுகு வேறயா?'
என்பாள் கூட வேலை பார்க்கும் ஃபிலோமினா.
பக்கத்து சீட்டில் காலை நீட்டித் தூங்கியபடிதான்
அவள் தினமும் வருகிறாள்.

முதலில் ஹாரிஸ் கம்ருலிடம்தான் விட்டிருந்தேன்.
மாதம் ஐந்து தினார்.
பதினான்கு வண்டி, அவருக்கு ஒரே வாளி.
ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கில் பார்த்தேன்,
கருநீலத்தின் மேல் முழுக்கச் சிலந்தி வலைபோல் கீறல்.
அடுத்த மாதம் வேண்டாம் என்றேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
சலாம் மட்டும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

போன வெள்ளி, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு
ஓட்டுகிற பக்கக் கதவில் கடைசி வட்டம் போடும்போது
பின்னால் வந்து நின்றார்.
'சிஸ்டர், தோடா.'
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார், அவ்வளவு போதுமாம்.
எதற்கு என்று கேட்க நேரமில்லை.
பஞ்சோடு கொடுத்துவிட்டு
வாளியை அங்கேயே விட்டு ஓடினேன்.

சாயங்காலம் வந்தால்
கீழ்த்தள லிஃப்ட் கதவில் இடது பாதி
ஒரு விரல்தடம் இல்லாமல் மின்னுகிறது.
என் முகம் அதில் தெரிந்தது,
பத்து மணி நேரம் மாஸ்க் அழுத்திய கோட்டோடு.
வலது பாதியில் பழைய பிசுக்கு,
யாரோ ஒட்டிப் பிய்த்த பெட்-ஸ்பேஸ் விளம்பரம்.
வாளிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.
கம்ருல் குப்பை மூட்டையோடு போய்க்கொண்டே சொன்னார்:
டைம் இல்லை சிஸ்டர்.
அந்தப் பக்கம் அடுத்த ஜும்மாவுக்கு.

ராத்திரியே காற்று கிளம்பிவிட்டது.
காலை ஐந்து பத்துக்கு
தெரு முழுக்க எல்லா வண்டியும் ஒரே நிறம்.
வைப்பரைப் போட்டேன், கண்ணாடி சேறாகி வழிந்து தெளிந்தது.
பக்கக் கண்ணாடிகளைக் கட்டைவிரலால் துடைத்தேன்.
ஃபிலோமினா தன் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு
என் கதவுக்குப் போனாள்.

தொடாதே என்றேன்.
காய்ந்த மண்ணை வறட்டுத் துணியால் தேய்க்கக் கூடாது.
இருக்கட்டும் வெள்ளிவரை.
ஏறு, மணி ஆச்சு.