காணும்

"ராத்திரி எட்டுக்குப் பிறகு வெறுந்தண்ணி மட்டும்"
என்று அச்சடித்த துண்டை
நேற்றே வீடுவீடாகக் கொடுத்துவிட்டோம்.
மண்டூர். விடிய ஐந்தரை.
பாலர் பள்ளிக் கதிரைகள் சின்னன்;
வந்தவர்கள் எங்கள் ஆய்வுக்குப் பொருந்தியவர்கள்.
நின்றுகொண்டே சிரித்தார்கள்.

நாடாவைக் கண்டதும் எல்லோருக்கும்
வயிறு உள்ளே போகும்.
"மூச்சை விடுங்கோ" என்பேன். விடமாட்டார்கள்.
பிள்ளைகளைப் பற்றி ஏதும் கேட்பேன்,
பதில் சொல்லும் மூச்சில் அளந்துவிடுவேன்.
விலா எலும்பு முடிகிற இடத்துக்கும்
இடுப்பெலும்புக்கும் நடுவே
சசிரூபி: தொண்ணூற்று நாலரை.
"எழுதாதகா அத."
எழுதினேன்.
"நான் திங்கிறது கோழிக்குஞ்சு திங்கிற அளவுதான்."
அதற்கு எங்கள் தாளில் கூடு இல்லை.

பதினேழாம் கேள்விக்கு மூன்று கூடு:
தொண்ணூறாம் ஆண்டு ஆனிக்குப் பிறகு
நீங்கள் கருவில் இருக்கையில்
தாய் இடம்பெயர்ந்தாரா?
ஆம். இல்லை. தெரியாது.
சசிரூபி கணக்கு வைத்திருக்கிறாள்.
காட்டில் முப்பத்தெட்டு நாள்.
ஒரு கொத்து அரிசிக்கு ஒரு சோடித் தோடு.
மறுகா தோடும் இல்லை, அரிசியும் இல்லை.
"அம்மா சொல்லுவா,
நீ உதைக்கக்கூட இல்ல,
மிச்சம் பிடிச்சுக்கொண்டு கிடந்தாய் எண்டு."
'ஆம்' என்ற கூட்டில் புள்ளடி போட்டேன்.

டொக்டர் சுஹைரா பயிற்சி நாளில் சொன்னது:
கொழுப்பிலிருந்து ஓர் ஓமோன் புறப்பட்டு
இரத்தத்தோடு மூளைக்குப் போய்
'காணும்' என்று சொல்லும். லெப்ரின்.
பருத்த உடம்புகள் பலவற்றில்
அது குறைவில்லை, கூட.
சொல்லச் சொல்ல மூளைக்குக் கேட்பதில்லை.
மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள்.
எனக்கு எங்கள் ஊர்ப் பந்தி நினைவுக்கு வந்தது:
காணும் காணும் என்று கையால் மறிக்க,
விரல் இடுக்கால் விழுகிற
இன்னோர் அகப்பை.

மண்டூர்த் துறையில் பாதை நின்றது.
எங்கள் பாதை நிற்கும், மிதக்கும்,
உழவு இயந்திரம் ஏறினால் ஒரு பக்கம் சாயும்.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
இரண்டு மணித்தியாலத்துக்குள்
களுவாஞ்சிகுடி இயந்திரத்தில் சுழற்றவேண்டும்.
நடு ஆற்றில் மோட்டர் நின்றது.
காற்றாடியில் ஆற்றுவாழை.
கிருபைராசா கம்பால் குத்திக் குத்தி எடுத்தார்;
எடுத்த இடத்தில் இன்னொன்று வந்து நின்றது.
"இதுக்கு ஆர்தான் சொல்றது, காணுமெண்டு."
நாற்பது நிமிடம் போயிற்று.

மீன்காரர் பெட்டியைத் தட்டினார்:
"என்ன, கணையானா?"
"இரத்தம்."
கொஞ்சம் தள்ளி இருந்தார்.
பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து,
"மெலியிறதுக்கு மருந்து குடுக்கிறது
நீங்களா?" என்றார்.
பாதையில் எல்லோரும் கரையைப் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டியில் அறுபத்தோராம் ரியூப் என்னுடையது.
நானும் பொருந்தியவள்தான்;
மார்கழித் தொண்ணூறு.
நரம்பு மூன்றாம் குத்தில்தான் அகப்பட்டது.
பதினேழாம் கேள்விக்கு
'தெரியாது' என்ற கூடு.
கேட்க ஆளில்லை.

குருமண்வெளியில் ஓட்டோ பிடித்து,
பத்து நிமிடம் மிச்சமிருக்க வந்து சேர்ந்தேன்.
ரியூப்களை எதிரெதிரே அடுக்கி மூடியை அழுத்தினேன்.
சீனி அளவு நாளை அவரவர் கைக்குப் போகும்.
மற்றதெல்லாம் கொழும்புக்கு, இலக்கமாக;
ஆறு மாதம் ஆகும், யாருக்கும் பெயர் இராது.

வெறுவயிற்றில் வந்தவர்களுக்கு
நாங்கள் கட்டிக் கொடுத்தது பிட்டும் சம்பலும்.
சசிரூபி தன் பார்சலை
என் பைக்குள் திணித்திருந்தாள்.
என்னுடையதைத் தின்று முடித்துவிட்டேன்.
இயந்திரம் இரைகிறது.
உள்ளே யாரோ
சொல்லிக்கொண்டுதான் இருக்கக்கூடும்.

அவளுடையதைப் பிரிக்கிறேன்.
இன்னும் சூடு.