நாற்பத்தொன்றாம் இணைப்பு

முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
மின்விசிறி ஓயாத அறை என்னுடையது.
ஊருக்கு இணையம் இங்கிருந்துதான்.
மாதம் நானூற்றைம்பது, ஜிஎஸ்டி தனி.

யாரும் எங்கேயும் போகுமுன்
என் சர்வரிடம் வழி கேட்க வேண்டும்,
இந்தப் பெயருக்கு எந்த எண் என்று.
டிஎன்எஸ் என்பார்கள்.
தபால் அட்டை மாதிரி, கேள்வி திறந்தே வரும்.
படிக்க வேண்டும் என்று இல்லை;
கண் பட்டுவிடும்.

நள்ளிரவில் நகை ஏலம்.
ஒன்றேகாலுக்கு நாகர்கோவில் கருத்தரிப்பு ஆஸ்பத்திரி.
நாத்திகம் பேசும் வாத்தியார் வீட்டில்
ஜாதகப் பொருத்தம், தினமும்.

போன கார் அறுப்புக்கு முன்னால்
நம்பிராசன் வந்தான். பில் அவன் பெயரில்.
"தங்கச்சி ராத்திரி என்னத்தயோ பாக்கா வே.
நாப்பத்தொண்ணு. ஒரு தாள் எடுத்துத் தாரும்."
ஒரு தாள்தானே.
அச்சடித்துக் கொடுத்தேன், காசுகூட வாங்கவில்லை.
மூன்று இடத்தில் ஒரே பெயர்:
பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதி.

மறுநாளிலிருந்து
நாற்பத்தொன்று எதையும் கேட்கவில்லை.
ஆறு மாதம்.
ஒருமுறை ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்தாள்,
பை நிறைய பீடிக்கட்டு.
என்னை யாரென்று தெரியாமல்
வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

தையில், ஒருத்தரும் கேட்காமலே,
போன்களில் ஏதோ அப்டேட் இறங்கியது.
என்னிடம் வரும் கேள்விகள்
ஒன்றிரண்டாய்க் குறைந்து, பிறகு நின்றே போயின.
இப்போது எல்லாம் ஒட்டிய உறைக்குள்
என் தலைக்கு மேலே போகின்றன.
தூரத்தில் எவனோ பிரிப்பான்.
அவன் எப்படிப்பட்டவனோ.

நாற்பத்தொன்று மறுபடி விழித்திருக்கிறது.
பன்னிரண்டு மணிக்கு மேல்
பச்சை விளக்கு துடிக்கிறது.
எதற்கென்று எனக்குத் தெரியாது.

நேற்று நம்பிராசன் திரும்ப வந்தான்.
இல்லை என்றேன்.
"மறைக்கீரோ?"
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
எண்கள். ஒரே எண்ணுக்குப் பின்னால் ஆயிரம் வாசல்.
விரல் வைத்து இரண்டு வரி பார்த்தான்.
"என்ன எழவுவே இது" என்று படி இறங்கினான்.

நான் திருந்தியதாக யாரும் நினைக்க வேண்டாம்.
தாள் இருந்திருந்தால்,
அவன் கொஞ்சம் குரலை உயர்த்தியிருந்தால்,
என்ன செய்திருப்பேனோ.
அந்தப் பூட்டை அவள் கேட்டு வாங்கவில்லை.
அப்படியொரு பூட்டு உண்டென்பதுகூட
அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.
நான் நல்லவனாக இருக்க வேண்டியதும் இல்லை.

பிரிண்டரில் மை தீர்ந்து இரண்டு வாரம்.
வாங்க வேண்டும்.