ஏழாவது கூம்பு

குலுக்கலில் லோகேஸ்வரிக்கு விழுந்தது
ரைஸ் குக்கர் இல்லை,
வாசனைக் கண்காட்சிக்கு இரண்டு டிக்கெட்.
புக்கிட் பிந்தாங், பேரங்காடியின் ஐந்தாவது மாடி.
இரவு வேலை முடித்து மூன்று மணி நேரம் தூங்கி
காப்பாரிலிருந்து கிளம்பினேன்,
இரண்டு முறை சோப்புப் போட்டு.

உள்ளே செப்புக் கூம்புகள் தொங்கின.
ரப்பர் உருண்டையை அழுத்தினால்
யாரோ விட்ட மூச்சு மாதிரி ஒன்று முகத்தில் படும்.
பக்கத்துத் திரை கேட்கும்:
இது உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது?
மழை. நூலகம். கடல். குழந்தைப் பருவம்.
இரண்டாவது கூம்பு எனக்கு நினைவூட்டியது
சம்பளம் பிந்திய மாதத்தில்
பேங்க் வாசல்வரை வந்த ஏர்கோன் குளிரை.
அதற்குப் பொத்தான் இல்லை.
கடலை அழுத்தினேன்.
எழுபத்தொரு சதவிகிதம் பேர் என் கட்சியாம்.

மல்லிகைக்கு முன்னால் வழிகாட்டிப் பையன்,
சட்டையில் ஃபரீஸ் என்று பெயர்,
ரகசியம் போலச் சொன்னான்:
பூவுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று சாணத்திலும் உண்டு,
அதை எடுத்துவிட்டால்
மல்லிகை வெறும் சோப்பு.
லோகா தலைச்சரத்தை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஏழாவதில்தான் கூட்டம்.
குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்,
ஓடிப்போய்த் திரும்பி வந்து மறுபடி முகர்ந்தார்கள்.
பூனை என்றார் ஒரு சீனர்.
முடிச்சாயம் என்றது ஒரு குரல்.
நான் அழுத்தவே இல்லை,
மூன்றடி தள்ளி நிற்கும்போதே தெரிந்துவிட்டது.
அம்மோனியா.
ரப்பர்ப் பால் உறையாமலிருக்க ஊற்றுவது.
பீங்கான் கைகள் முங்கி முங்கி எழும் நான்காம் வரிசையில்
பன்னிரண்டு மணி நேரம் என்னோடு நிற்பது.
"எப்படித் தெரியும், என்சிக்?"
கையுறை, என்றேன்.
ஃபரீஸ் என் கைகளைப் பார்த்தான்,
வெறுங்கை.

கடைசி மேசையில் நாமே கலக்கலாம்,
மூன்று சொட்டு, சின்னக் குப்பி, பெயர்ச்சீட்டு.
லோகா ஏலக்காய் எடுத்தாள், எலுமிச்சைப்புல் எடுத்தாள்,
பிறகு மலாயில் கேட்டாள்
அந்த ஏழாம் நம்பர் கிடைக்குமா என்று.
மேசைப் பெண் சிரித்தாள்.
லோகா சிரிக்கவில்லை.
"காலை ஏழரைக்குக் கதவு திறக்கும்.
கண் திறக்காமலே தெரியும், யாரென்று."

பதினேழு வருஷம்
இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை.
பின்கட்டுக் குழாயடியில் தினமும் நான்
எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவதாக
நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொடுக்க மாட்டார்களாம், பாதுகாப்பு விதி.
"பரவால்ல" என்று லோகா குப்பியை மூடினாள்.
பெயர் சொல்கிறாள் என்று நினைத்து
மேசைப் பெண் அதையே ரூமியில் அச்சடித்து ஒட்டிவிட்டாள்.

கொமுட்டரில்
டுரியான் கூடாது என்ற படத்துக்குக் கீழே இடம் கிடைத்தது.
கைப்பைக்குள் முகர்ந்து முடித்த காகிதக் கீற்றுகள்
ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தன.
எதிர் இருக்கைக்காரர் தும்மினார், மன்னிப்புக் கேட்டார், மறுபடி தும்மினார்.
ஷா ஆலாம் தாண்டியதும் லோகா
என் தோளில் சாய்ந்து
காலர் பக்கம் கொஞ்ச நேரம் தேடினாள்.
இன்று அங்கே
சோப்பு மட்டும்.