உதிரிபாகம் வரும்வரை

உறைந்த ஏரியை
ஒரே துண்டாகப் பெயர்த்து
ஏரியில்லாத ஊருக்கு ஏற்றிப்போகும் லாரி.
அப்படியொன்று எங்கும் ஓடவில்லை.
கஜானியில், மூன்றாம் மாடியில், என் சாப்பாட்டு மேசையில்
முப்பத்தைந்தில் ஒரு பங்காகப்
பாதி நிற்கிறது.

இல்லாத வண்டிக்கு
உதிரிபாகக் கடையும் இல்லை.
அதனால் எல்லாக் கடையும் அதன் கடை.

சவரக்கத்தியின் மழுங்கிய தலை ரேடியேட்டர்.
கண்சொட்டு மருந்துப் புட்டிகள் டீசல் தொட்டி.
ஜூஸ் குழல் வளைகிற இடத்தில்தான்
புகைபோக்கியும் வளைய வேண்டியிருந்தது.
இரும்புக் கடையில் எதை எடுத்தாலும்
தலைகீழாய்ப் பிடித்துப் பார்க்கிறேன்.
பெயர் மறந்தால்தான்
பொருள் விளங்குகிறது.

சந்தையில் சிர்க்கா நல்லவள், எச்சரித்தாள்:
"இந்தக் காபி வடிகட்டி வேலை செய்யாது."
பரவாயில்லை,
அது இனிமேல் காபி வடிகட்டி இல்லை.

எனக்குத் தொழில் பல் கட்டுவது.
பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்கு உதிரிபாகம்.
மிஞ்சிய கம்பியில்
ஏரியைத் தூக்கும் நான்கு கைகள் செய்தேன்.
பளு தாங்குமா என்று கேட்காதீர்கள்.
கணக்குப் போட்டிருக்கிறேன்.

சக்கரம்தான் சிக்கல்.
பதினாறு வேண்டும், பதினாறும் ஒரே அச்சில்.
எட்டுச் சக்கர ராணுவ வண்டிப் பெட்டி இரண்டு வாங்கினால் தீர்ந்தது.
ஒன்று இங்கே கிடைத்தது.
இன்னொன்று பிர்னோவிலிருந்து, விராதிஸ்லாவ் என்பவர் அனுப்பினார்,
ஒரு சீட்டும் வைத்து:
"ஒரு சக்கரத்தை நாய் கடித்துவிட்டது. மன்னிக்கவும்."
கடித்ததையும் அனுப்பியிருந்தார், நேர்மையான மனிதர்.

விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன்.
நடுத்தர உயரம். நான்கு வயதிருக்கும்.
மேல்வரிசை நெருக்கம்.
இடது கோரைப்பல் முனை உடைந்திருக்கிறது,
அந்தப் பக்கம் மெல்லுவதில்லை.
இதையெல்லாம் அவருக்கு எழுதினேன்.
பதில் இல்லை.

அச்செடுத்து வார்த்தும் பார்த்தேன்.
ஆறும்போது பிசின் சுருங்கிற்று,
ஒரு முடி அளவு.
வாய்க்குள் அந்த முடியளவு
ஒருவரை இரவெல்லாம் தூங்கவிடாது.
தூக்கிப் போட்டேன்.

கீழ்வீட்டு ஓய்வா பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
உப்புக் கடன் வாங்க வந்தவர் குனிந்து எண்ணினார்.
"பதினைந்து."
"தெரியும்."
"யாரும் பார்த்திராத வண்டிதானே,
பதினைந்தோடு விடேன்."
"யாரும் பார்த்திராத வண்டியும் சாயக்கூடாது."
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சொன்னார்:
பிப்ரவரியில், பனி இடுப்புவரை கொட்டிய மூன்று வாரமும்
தன் வண்டி கொட்டகையில் நின்றதாம்,
ஜெர்மனியிலிருந்து வரவேண்டிய ஒரு பேரிங்குக்காக.
"வண்டி என்றால் பாதி நாள் அதுதான்."
உப்பை மறந்துவிட்டுப் போனார்.

அன்றிரவே
உதட்டுச்சாயக் குழாயின் திருகைப் பிரித்து
ஜாக்கி செய்தேன்.
பின்னச்சின் இடப்பக்கம் முட்டுக்கொடுத்தேன்.
வெற்று அச்சு நுனிக்குக் கிரீஸ் நிறம்.
பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் மெக்கானிக்,
போனைக் காதில் வைத்து.
சமையல் சோடா தூவியதும் பனி விழுந்தது.

இப்போதுதான் அது வண்டி.
மெக்கானிக்கை ஐந்து முறை நகர்த்தினேன்,
கோபமாகவும் தெரியக்கூடாது,
நம்பிக்கையாகவும்.

மே மாதம் பார்சல் வந்தது.
கேட்காமலே ஒரு புதுச் சக்கரம்.
மாட்டவில்லை.
அந்த வாரம்தான் ஔலுயார்வி ஏரி உடைந்து
பாளம் பாளமாய்க் கரையில் ஏறிக்கொண்டிருந்தது.
இனி டிசம்பரில்தான் லோடு.

சக்கரத்தோடு ஒரு புகைப்படமும்.
பழுப்பு நாய், சோபாவில், நடுத்தர உயரம்.
வாயை
இறுக மூடியிருக்கிறது.